பகுதிக் கடல்

பெருநாளுக்கு நாலு நாள் லீவு.
அல் நஹ்தாவில் எங்கள் ஜன்னலுக்கு எதிரே
இன்னொரு கட்டிடத்தின் ஜன்னல்.
அங்கே கொடியில் காய்வதெல்லாம் நீச்சல் உடை.
அவர்கள் போய் வந்துவிட்டார்கள்.

லேப்டாப்பில் நானும்
பதினோரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறேன்.

மர்ஜானில்
கடலுக்குள் மண்ணைக் கொட்டித் தீவு செய்திருக்கிறார்கள்.
கரை, மாவு சலித்துப் பரப்பியது மாதிரி.
ரிஃபாத்துக்கு அங்கே சறுக்கு ஏழு.
ஏழுக்கும் பெயர் தெரியும் அவனுக்கு,
இன்னும் நேரில் பார்க்காத சாச்சாமார் போல.

அல் அக்காவில் முதுகுக்குப் பின்னால் மலை.
சாயங்காலம் ஆகுமுன்னே வெயிலை விழுங்கிவிடுமாம்.
முழங்கால் தண்ணீரில் நின்றால் மீன் வருமாம்.
அதுதான் உண்மையான கடல் என்கிறாள் ஹனீனா.
அப்ப மத்ததெல்லாம்?
மத்ததெல்லாம் தொட்டி, உம்மா.

சாதியாத்தில் ஆமை வந்து முட்டையிடுமாம்.
ஓர் இரவுக்கு என்ன விலை என்று பார்த்தேன்.
ஆமைக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும்.

முழுக்கை நீச்சல் உடைக்கு அனுமதி உண்டா
என்று மூன்று இடத்துக்கு எழுதினேன்.
ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது:
உண்டு, கூடவே ஒரு பூ பொம்மை.

பன்னிரண்டுக்குக் கீழே இலவசம்.
ஹனீனாவுக்குப் பன்னிரண்டு முடிந்து பதினேழு நாள்.
பதினொன்று என்று போட்டேன்.
பின்னால் நின்றவள் எதுவும் சொல்லவில்லை.
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி
அம்புக்குறியை ஒருமுறை தட்டினாள்.
அறுநூற்று நாற்பது திர்ஹம் ஏறியது.
அவள் போய்ப் பல் துலக்கினாள்.

கடல் பார்த்த அறை.
தோட்டம் பார்த்த அறை.
பகுதிக் கடல் பார்த்த அறை.
எந்தப் பகுதி?
படத்தைப் பெரிதாக்கினேன்.
இரண்டு சுவருக்கு நடுவே
பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த அளவுக்கு நீலம்.

இவர் சோபாவில் படுத்திருந்தார்.
எங்கே கிளம்பினாலும் டயர்க் காற்றில் தொடங்குகிறவர்,
எத்தனை மணி நேர ஓட்டம், பெட்ரோல் எவ்வளவு,
காலைச் சாப்பாடு உண்டா என்று துளைக்கிறவர்,
இன்று எந்த ஊரைச் சொன்னாலும்
ஒரே கேள்விதான் கேட்டார்:
"எதுவரைக்கும் கேன்சல் பண்ணலாம்?"

மூன்றாவது தடவை கேட்டபோதுதான்
திரும்பிப் பார்த்தேன்.
போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.
அது ஏறி ஏறி இறங்கியது.

ஆபீஸில் இரண்டு நாற்காலி காலி
என்று போன வாரம் சொன்னார்.
புளி கரைத்துக்கொண்டே கேட்டேன்.
அப்போது அது வேறு ஊரில் பெய்த மழை.

பிள்ளைகள் தூங்கியபிறகு,
"எப்பத் தெரியும்?"
"பெருநாள் கழிச்சு."
"யாருக்கெல்லாம்?"
அதற்குப் பதில் இல்லை.
ஃபிரிட்ஜ் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

ஒரே அறைக்கு, அதே கட்டிலுக்கு, அதே நீலக் கோட்டுக்கு
இரண்டு விலை போட்டிருக்கிறார்கள்.
முந்தின நாள் ஆறு மணிவரை பணம் திரும்பும் என்பது ஒன்று.
முந்நூறு குறைவாக, திரும்பவே திரும்பாதது இன்னொன்று.

என் கார்டை எடுத்தேன்.
பல் கிளினிக் வரவேற்பு மேசையில்,
வாயைத் திறக்கப் பயந்தவர்களை
"ஒண்ணுமில்ல, உட்காருங்க" என்று உட்காரவைத்துச்
சம்பாதித்தது.
அல் அக்கா. இரண்டு இரவு. பகுதிக் கடல்.
பெரியவர் மூவர், சிறுவன் ஒருவன்.

இவர் எழுந்து உட்கார்ந்தார்.
"எதைப் போட்ட?"
"திரும்பாததை."

திட்டுவார் என்று நினைத்தேன்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அந்தக் கோடு கொஞ்சம் அகலமாகும் என்பது போல.
அப்புறம் விளக்கை அணைத்தார்.
வெகு நேரம் கழித்து, தூங்கிவிட்டார் என்று நான் நினைத்த பிறகு,
இருட்டிலிருந்து சொன்னார்:
"பின் டயர் ரெண்டுலயும்
காத்து பார்க்கணும்."